864 அணுக்களில் ஒரு திரவம்

திடப்பொருளைக் கணக்கில் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. அணுக்கள் வரிசை கலையாமல் நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. வாயுவில் அவை எப்போதாவதுதான் மோதிக்கொள்கின்றன. இயற்பியலாளர்களை வெகுகாலம் படுத்தியது திரவம்தான். அதில் நெருக்கம் உண்டு, ஒழுங்கு கிடையாது.

ஹைதராபாத்தில் 1927-இல் பிறந்த இயற்பியலாளர் அனீசூர் ரஹ்மான், அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தியே பார்த்துவிடுவது என்று இறங்கினார். 1960 முதல் அவருக்கு சிகாகோவை அடுத்த ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் வேலை. ஆல்டர், வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-களிலேயே கணினியில் துகள்களை ஓடவிட்டிருந்தார்கள். ஆனால் அவை முட்டினால் மட்டும் விலகும் கெட்டிக் கோளங்கள். நிஜ அணுக்கள் சற்றுத் தள்ளி இருந்தால் ஈர்க்கும், மிக நெருங்கினால் தள்ளும். ரஹ்மானுக்கு அந்த விசையே வேண்டியிருந்தது. எதனோடும் எளிதில் பிணையாத ஆர்கானை எடுத்துக்கொண்டார்.

சிடிசி 3600 கணினிக்குள் ஒரு கற்பனைப் பெட்டியில் அவர் நிரப்பியது 864 அணுக்கள். பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 3.5 நானோமீட்டர். இவ்வளவு சின்னப் பெட்டியில் பாதி அணுக்கள் சுவரை ஒட்டியே கிடக்கும். பிறகு அது திரவத்தின் உட்புறம் ஆகாது. அதனால் சுவரையே எடுத்துவிட்டார். வலப்பக்கம் வெளியேறும் அணு அதே வேகத்தில் இடப்பக்கம் நுழையும். பச்சை ஏமாற்றுதான், ஆனால் இன்றுவரை எல்லோரும் செய்யும் ஏமாற்று.

பிறகு நியூட்டனின் விதிப்படி ஒவ்வொரு அணுவின் மீதும் விசையைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் துளி நகர்த்தி, மறுபடி விசையைக் கணக்கிட வேண்டும். ஒரு நகர்வுக்குள் கடக்கும் நேரம், ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு.

1964-இல் முடிவுகள் வெளியாயின. அணுக்கள் பரவும் வேகம் சோதனைச்சாலை அளவீட்டோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போனது. எனக்கு அதைவிடச் சுவையானது இன்னொன்று. ஓர் அணு எந்தத் திசையில் கிளம்பியதோ, சற்று நேரத்தில் சராசரியாக அதற்கு எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் ஓர் அடி வைத்தவரை நெரிசல் பின்னால் தள்ளுவதுபோல, சுற்றியிருக்கும் அணுக்கள் அதைத் திருப்பி அனுப்புகின்றன. எந்த நுண்ணோக்கியிலும் தெரியாத இந்தத் தள்ளுமுள்ளு, எண்களில் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்தது தண்ணீர். 1971-இல் ஸ்டில்லிங்கர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வெறும் 216 மூலக்கூறுகளைக் கொண்டு அதையும் ஓடவிட்டார். ஆர்கானை விட இது பல மடங்கு சிக்கல். ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒவ்வொரு மூலக்கூறையும் திசை பார்த்து இழுக்கும்.

1980-ஐ ஒட்டி, இத்தாலியரான மிக்கேலே பாரினெல்லோவோடு சேர்ந்து பெட்டியின் விறைப்பையும் தளர்த்தினார். அழுத்தத்துக்கு ஏற்பப் பெட்டியே நீளலாம், சாயலாம். உள்ளே இருக்கும் படிகம் தனக்குப் பிடித்த வடிவத்துக்கு மாறிக்கொள்ள அப்போதுதான் வழி பிறந்தது. ரஹ்மான் 1987-இல் காலமானார். புரத மூலக்கூறுகளைக் கணினியில் ஆராயும் மாணவர்கள் இன்று பயன்படுத்தும் குரோமாக்ஸ் மென்பொருளில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறைகளின் பட்டியலில் ‘பாரினெல்லோ–ரஹ்மான்’ என்ற பெயரும் இருக்கிறது.