மூடி வைத்த உண்மை யாரைக் காத்தது?

மாலை விளக்கு வைத்த கையோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காரும் பெண்களைப் பார்த்து, "இதுகளுக்கு வேறு வேலையில்லை" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் நாடகத்தில் வரும் ஒரு குடும்பத்தின் கதையைப் பேசும்போதுதான் எங்களில் பலர் எங்கள் சொந்தக் கதையையும் பேசத் துணிகிறோம். "அவள் ஏன் தாயிடம் சொல்லவில்லை?" என்று ஒருத்தி கேட்பாள். "சொன்னால் யார் நம்புவார்கள்?" என்று மற்றவள் சொல்வாள். அந்தப் பதில் நாடகத்தைப் பற்றியது மட்டுமல்ல.

லண்டனில் அக்காவின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது நான் தொடர்ந்து பார்த்தது 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர். பி.பி.சி. தொலைக்காட்சியில் 1985 பெப்ரவரி 19ஆம் திகதி தொடங்கிய இது இன்றும் ஒளிபரப்பாகிறது. தயாரிப்பாளர் ஜூலியா ஸ்மித்தும் எழுத்தாளர் ரொனி ஹோலன்டும் இதை உருவாக்கினார்கள். கிழக்கு லண்டனில் வோல்போர்ட் என்ற கற்பனை ஊர், அதில் அல்பேட் சதுக்கம், மூலையில் ஒரு மதுச்சாலை, ஒரு சந்தை. அங்கே வாழும் தொழிலாளர் குடும்பங்களின் கதைதான் தொடர். மாளிகையும் பட்டுச்சேலையும் இல்லை. வாடகை, கடன், வேலை, பிள்ளைகள் என்று எங்களுக்குத் தெரிந்த கவலைகளே அங்கும்.

பெயர் சொல்லாத தகப்பன்

தொடர் தொடங்கிய வருடமே ஒரு பெரிய இரகசியம் வந்தது. மிஷேல் என்ற 16 வயதுப் பெண் கர்ப்பமாகிறாள். தகப்பன் யாரென்று சொல்ல மறுக்கிறாள். அவன் வேறு யாருமல்ல; அவளது உயிர்த்தோழி ஷரனின் வளர்ப்புத் தந்தையும் மதுச்சாலை உரிமையாளருமான டென் வொட்ஸ். 1986இல் விக்கி என்ற பெண் குழந்தை பிறக்கிறது. தோழிக்கு உண்மை தெரியவருவது 1989இல்தான். அதுவரை ஷரன் அந்தக் குழந்தையைத் தூக்கி விளையாடுகிறாள், அது தன் தகப்பனின் பிள்ளை என்று அறியாமலே.

இதே டென் 1986ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று மனைவி ஏஞ்சியிடம் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறான். மறு ஒளிபரப்பையும் சேர்த்து அந்த அத்தியாயத்தை 3 கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததாகப் பதிவாகியுள்ளது. ஒரு வீட்டுக்குள் நடக்கும் விடயத்துக்கு ஒரு நாடே காத்திருந்து பார்த்தது என்றால், அந்த வீடு எத்தனை வீடுகளுக்குக் கண்ணாடியாக இருந்திருக்கும்!

ஸ்லேற்றர் குடும்பம்

என் மனதை விட்டு அகலாத கதை ஸ்லேற்றர் குடும்பத்தினுடையது. 2000ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இவர்கள் சதுக்கத்துக்குக் குடிவருகிறார்கள். தகப்பன் சார்ளி, வாடகைக் கார் ஓட்டுபவர். மனைவி விவ் இறந்துவிட்டாள். வீட்டில் அம்மம்மா மோ, பிள்ளைகள் லின், கெற், லிற்றில் மோ, கடைக்குட்டி ஸோயி. இன்னொரு மகள் பெலின்டா மணமாகி வேறிடத்தில் இருக்கிறாள். சண்டையும் சிரிப்புமாக இருக்கும் கலகலப்பான வீடு.

இவர்களில் கெற் வாயாடி. சிவந்த உதட்டுச் சாயம், குட்டைப் பாவாடை, இரவில் மது, ஆண்களோடு சகவாசம். "அடங்காதவள்" என்று ஊர் பெயர் வைத்திருந்தது. பார்ப்பவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கடைசித் தங்கை ஸோயி விடயத்தில் மட்டும் அவள் ஒரு தாயைப்போல் பதறுவாள்.

2001இல் சார்ளியின் சகோதரன் ஹாரி வருகிறான். எல்லோருக்கும் பிடித்த, கைநிறையச் செலவழிக்கும் உறவினன். ஸ்பெயினில் தன்னுடன் வந்து இருக்கும்படி ஸோயியை அழைக்கிறான். ஸோயிக்கோ போக ஆசை. கெற் மட்டும் ஒரேயடியாக மறுக்கிறாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். 2001 ஒக்ரோபரில் ஒரு இரவு தெருவில் வைத்து வாக்குவாதம் முற்றுகிறது. "என்னைத் தடுக்க நீ என்ன என் அம்மாவா?" என்ற கருத்தில் ஸோயி கத்த, "ஆம், நான்தான்" என்று கெற்றின் வாயிலிருந்து உண்மை வெடித்து வருகிறது.

கெற்றுக்கு 13 வயதாக இருக்கையில் அவளைக் கெடுத்தவன் இந்த ஹாரி. பிறந்த குழந்தை ஸோயி. ஊருக்குத் தெரியாமல் இருக்க, தாய் விவ் அந்தக் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்தாள். பெற்றவள் அக்காவானாள். குழந்தை கெற்றினுடையது என்று சார்ளிக்குத் தெரியும். ஆனால் அதற்குக் காரணமானவன் தன் சொந்தச் சகோதரன் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவனை வீட்டுக்குள் வைத்து உபசரித்தார்.

யாருக்கு நன்மை?

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த இரகசியம் குடும்ப மானத்துக்காகக் காக்கப்பட்டது. ஆனால் உண்மையில் அது யாரைக் காத்தது? கெற்றைக் காக்கவில்லை. அவள் தன்னையே வெறுத்து வளர்ந்தாள். ஊர் சூட்டிய கெட்ட பெயரையும் சுமந்தாள். ஸோயியையும் காக்கவில்லை. தான் யாரென்றே தெரியாமல் வளர்ந்தவள், அதே மனிதனோடு பயணம் புறப்படத் தயாராக நின்றாள். முழுமையாகக் காக்கப்பட்டவன் ஒருவனே. அவன் குற்றவாளி. அடுத்த பிள்ளையையும் நெருங்க அவனுக்கு வழிவிட்டது அந்த மௌனம்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். உண்மை வெளிவந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தொடர் காட்டவில்லை. ஸோயி தாயைக் கட்டியணைக்கவில்லை, வீட்டைவிட்டு ஓடினாள். தாய், மகள் என்ற உறவு ஒட்டிக்கொள்ளக் காலம் எடுத்தது. 2005இல் தொடரைவிட்டுப் போன ஸோயி 2025இல் திரும்பி வந்தபோதும் அந்தப் பழைய காயம் ஆறியிருக்கவில்லை. 2017இல் 'ரெட்வாட்டர்' என்ற தனித் தொடரில் இன்னொரு உண்மையும் தொடர்ந்தது. அன்று கெற்றுக்குப் பிறந்தது இரட்டைக் குழந்தைகள். ஆண் பிள்ளை அவளுக்கே தெரியாமல் வேறிடம் கொடுக்கப்பட்டு அயர்லாந்தில் வளர்ந்தான். ஒரு பொய்யை மறைக்க எத்தனை பொய்!

லிற்றில் மோவின் நத்தார்

அதே வீட்டில் வேறொரு இரகசியமும் இருந்தது. அமைதியான மகள் லிற்றில் மோவைக் கணவன் ட்ரெவர் அடித்துத் துன்புறுத்தினான். வெளியில் அவன் நல்லவன். 2001 நத்தார் தினத்தில் அவள் சமைத்த சாப்பாட்டிலேயே அவள் முகத்தைப் பிடித்து அழுத்திய காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருடத்தின் கடைசி இரவில் அவள் துணி அழுத்தும் இஸ்திரிப் பெட்டியால் அவனைத் தாக்கினாள். 2002இல் கொலை முயற்சிக் குற்றவாளியாகச் சிறை சென்று, மேன்முறையீட்டின் பின் விடுதலையானாள். கெற்றின் கதையும் இவளது கதையும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. கலகலப்பான வீடு என்பதற்காக அங்கே துன்பம் இல்லை என்று சொல்ல முடியாது.

இத்தகைய அத்தியாயங்களின் முடிவில் பி.பி.சி. ஒரு உதவித் தொலைபேசி இலக்கத்தைத் திரையில் போடுவது வழக்கம். கதையைப் பார்த்து அழுதவள் தன் கதையைச் சொல்ல அது ஒரு வாசல்.

எங்கள் வீடுகளில்

சகோதரிகளே, யுத்தம் எங்கள் வீடுகளிலும் பல உண்மைகளை மூடி வைத்திருக்கிறது. தாய் தகப்பனை இழந்த பிள்ளையை அம்மம்மாவோ சித்தியோ தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். அது பாவமல்ல, பேரன்பு. காணாமல்போன தகப்பனைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு "வெளிநாட்டில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்த தாய்மாரும் உண்டு. அவர்களை யாரும் குறைகூற முடியாது. ஆனால் பிள்ளை வளர வளர, உண்மையை அதன் வயதுக்கேற்ற சொற்களில், நாங்களே மடியில் வைத்துச் சொல்வது நல்லது. பள்ளிக்கூடத்திலோ தெருச்சண்டையிலோ இன்னொருவர் வாயால் கேட்டால் அந்தப் பிள்ளை இரண்டு தடவை அநாதையாகும்.

குற்றம் செய்தவனைக் காக்கும் இரகசியம் இதிலிருந்து வேறானது. பிள்ளை ஒரு உறவினரைக் கண்டு ஒதுங்கினால், அவருடன் போக மறுத்தால், "மரியாதையில்லை" என்று அதட்டாதீர்கள். ஏன் என்று தனியே கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "உன்னில் பிழையில்லை" என்பதை முதலில் சொல்லுங்கள். இலங்கையில் சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கமும் பெண்களுக்கு 1938 என்ற இலக்கமும் உள்ளன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம்.

விவ் கெட்ட தாயல்ல. மகளின் எதிர்காலத்தைக் காப்பதாக நினைத்தே அப்படிச் செய்தாள். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அன்று தேவைப்பட்டது மறைத்து வைக்கும் கை அல்ல, பக்கத்தில் நின்று பேசும் வாய். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாயாக நாங்கள் இருப்போம்.