தொலைவில் இருக்கும் துணைக்குத் தாழ்சர்க்கரை: கடுந்தாழ்வுக்குப் பின் முதல் சில வாரங்கள்

கடுந்தாழ்வு எது?

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது தாழ்சர்க்கரை எனப்படுகிறது. அளவுமானி எந்த எண்ணைக் காட்டினாலும், அறிவு தடுமாறிப் பிறர் கைகொடுத்தால்தான் மீள முடியும் என்னும் நிலை வந்துவிட்டால் அது கடுந்தாழ்வு. துபாயில் கணவர் வேலை பார்க்க, ஊரில் இன்சுலின் போட்டுக்கொண்டு தனித்திருக்கும் மனைவியின் நிலையை இந்த வரையறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இத்தகைய குடும்பங்களின் இக்கட்டு விளங்கும்.

எச்சரிக்கை மழுங்கும் நாட்கள்

சர்க்கரை குறையும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகி, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி ஆகியவற்றால் உடல் தன் ஆபத்தை உணர்த்துகிறது. ஒருமுறை தாழ்வு வந்தபின் அடுத்த சில நாட்களுக்கு இந்தச் சுரப்பு மந்தமாகிவிடுவதால், அடுத்த தாழ்வு அறிகுறியின்றியே வந்து நேராக மூளையைத் தாக்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்வோருக்குப் படபடப்பும் நடுக்கமும் மேலும் மறைந்துபோகலாம். தாழ்வே நேராமல் சில வாரங்கள் காத்துக்கொண்டால் இழந்த எச்சரிக்கை உணர்வு பெரும்பாலும் திரும்பும். அதுவரை, "நல்லாத்தான் இருக்கேன்" என்னும் தொலைபேசிச் சொல்லை மட்டும் நம்புவது போதாது. குழறும் பேச்சு, கேட்டதற்குத் தாமதமாக வரும் பதில், காரணமற்ற எரிச்சல் ஆகியவை தென்பட்டால் உடனே சர்க்கரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அளவுமானி கைக்கெட்டாவிடில், பார்ப்பதற்கு முன்பே இனிப்பு நீரைக் குடிக்கச் சொல்வதே சரி.

பக்கத்து வீட்டின் பங்கு

வெளிநாட்டுத் தொலைபேசியிலிருந்து 108-ஐ அழைத்தால் தமிழ்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவை கிடைக்காது என்பதைப் பலர் நெருக்கடியில்தான் உணர்கின்றனர். ஆகவே மாற்றுச் சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் எண்ணே முதன்மையானது. நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் அளந்து, உயராவிடில் மறுபடி கொடுக்க வேண்டும். அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை விரைந்து பயன்தராது, குளுக்கோஸ் தூளே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இவற்றை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டும் உணரி கைப்பேசிக்கு அனுப்பும் அபாய ஒலி கணவரைத் துபாயில் எழுப்புவதோடு நின்றுவிடும்.

மருந்தின் அளவு

தாழ்வுக்குக் காரணம் தவறிய உணவா, கூடுதல் இன்சுலினா, சிறுநீரகத் தளர்ச்சியா என்பதை மருத்துவர் கண்டறிந்து மருந்தைத் திருத்தியாக வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளால் வந்த தாழ்வு, தேறியபின்னும் சில மணி நேரத்தில் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனையில் தங்கிக் கவனிக்கப்படுவது அவசியம்.

அச்சமும் உடன்பாடும்

மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர், மறுபடி விழுந்துவிடுவோமோ என்று தானாகவே இன்சுலினைக் குறைத்துக்கொள்வது இயல்பு. அதைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அளவை மறைக்கத்தான் தோன்றும். நாள்தோறும் பலமுறை அழைத்து விசாரிப்பதைவிட, இருவரும் பேசி ஒத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு ஆறுதலளிக்கும்: உறங்குமுன் அளந்த எண்ணை மனைவி அனுப்புவது, இந்திய நேரப்படி காலை ஏழு மணிக்குள் அவரிடமிருந்து செய்தி வராவிடில் துபாயில் ஐந்தரை மணிக்கு விழித்திருக்கும் கணவர் பக்கத்து வீட்டாரை அழைத்துக் கதவைத் தட்டச் சொல்வது, அவ்வாறு தட்டுவதற்கு மனைவியே முன்கூட்டி இசைவு தந்திருப்பது.