விடுபட்ட பொதிகளும் கணினியின் முகப்பும்

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ, அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலோ, பழைய கணினிக்குப் புத்துயிர் அளிக்க விரும்பி டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நாடும் மாணவர், எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான திரைமுகப்பை நிறுவுகையில், ‘தேவையான பொதி கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பைக் கண்டு மனஞ்சோர வேண்டுவதில்லை.

திரைமுகப்பு ஒரே நிரலன்று. சாளரங்களை நிர்வகிப்பதும், கோப்புகளைக் காட்டுவதும், எழுத்துகளை வரைவதுமாகிய எண்ணற்ற பொதிகள், ஒரு கூட்டுக்குடும்பம்போல, ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் தொகுப்பு அது. 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 முதல் அச்சார்பைக் கவனித்துவரும் ‘ஆப்ட்’ என்னும் கருவி, தன்னிடமுள்ள பொதிப் பட்டியல் பழையதானாலும், பொதிகளைத் தரும் களஞ்சியத்தின் முகவரி பிழையானாலும், பழைய பதிப்பு ஆவணக் காப்பகத்திற்கு மாற்றப்பட்டிருந்தாலும் தடுமாறும். ஆகவே முதலில் முகவரிகளைச் சரிபார்த்து, ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்து, அதன் பின்னரே நிறுவலைத் தொடர்வது உசிதம். பாதியில் அறுந்ததைச் சீர்செய்யவும் ஆப்ட்டிலேயே கட்டளை உண்டு. வேற்றுப் பதிப்பின் பொதியை எங்கிருந்தோ இறக்கிப் புகுத்துவதுதான் பெரும் அனர்த்தம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இணையம் மெதுவாகவுள்ள தோட்டத்தவர், டெபியனின் முதல் டிவிடிப் பிரதியைப் பட்டணத்திலேயே இறக்கிக்கொண்டு செல்லலாம். திரைமுகப்புக்கு வேண்டிய பொதிகள் அதிலேயே உள்ளன.