பேசும் படவில்லைகள்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே நடந்து ஒரு பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. ஊருக்குள் சிக்னல் இல்லை, பாறைமேல் கொஞ்சம் கிடைத்தது. லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் சுமார் முப்பது அடி உயரத்தில் இருந்த மரவீடு ஒன்றில் ஏறிப் படித்தார்கள். நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2036 மீற்றர் உயர்ந்து நிற்கிற மலை அது. அதன் ஒரு பக்கத்தில் கோபுரம் இருந்தால் மறுபக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும் லயங்களுக்கு அலை எட்டுவதில்லை.

நேரடி வகுப்பு என்றால் அலை அறுபடாமல் கிடைக்க வேண்டும். ஒரு தடவை இறக்கிக்கொண்டு பத்துத் தடவை பார்க்கக்கூடிய சிறிய காணொளிக்கு அது தேவையில்லை. நினைவட்டையில் போட்டு அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் கொடுத்துவிடலாம். தொலைக்காட்சியும் அந்த நாட்களில் உதவியது. 2020 ஏப்ரலில் நேத்ரா அலைவரிசையில் ‘குருகுலம்’ என்ற பெயரில் தமிழ்ப் பாடங்கள் தொடங்கின. ஆனால் தொலைக்காட்சிப் பாடம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஒரு பாடசாலையின் தரம் பத்து போன கிழமை எந்தப் பக்கத்தில் நின்றது, எந்தக் கணக்கில் இடறியது என்பது வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும். அவரிடம் பாடத்துக்கான படவில்லைகளும் பெரும்பாலும் தயாராக இருக்கின்றன. அவற்றைக் காணொளியாக்க நேரமும் அமைதியான இடமும்தான் இல்லை.

பவர்பாயிண்ட் மென்பொருளின் 2010 பதிப்பிலேயே படவில்லைகளைக் காணொளியாகச் சேமிக்கும் வசதி வந்துவிட்டது. எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு வில்லைக்கும் ஐந்து விநாடி கொடுத்து ஓட்டிவிடும். குரல் வேண்டுமானால் ஒவ்வொரு வில்லையாக உட்கார்ந்து பேசிப் பதிய வேண்டும். முப்பது வில்லை, இடையில் ஒரு இருமல், பக்கத்துக் காம்பராவில் ரேடியோ, கூரைத் தகரத்தில் மழை. அந்த ஒரு வில்லையை மட்டும் திரும்பப் பதியலாம் என்றாலும், பதிந்த பிறகு முழுக் காணொளியையும் மறுபடி உருவாக்கும்வரை கணினி முன்னால் காத்திருக்க வேண்டும். பாடம் ஒன்றுக்கு ஒரு மாலை போய்விடும். வாரத்துக்கு இருபது, முப்பது பாடவேளை எடுக்கிற ஒருவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். படவில்லைக் கோப்பை ஒரு பக்கம் கொடுத்தால் குரலோடு கூடிய காணொளி மறுபக்கம் வந்து விழும் வகையில் ஒரு சிறிய நிரலை எழுதிவைக்க முடியும். தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதன் அடிப்படை எண்ணம் பழையது. கடந்த நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டு வகுப்பறைகளில் ஒலியோடு கூடிய படச்சுருள்கள் இருந்தன. இசைத்தட்டு ஓடும், அதில் ‘பீப்’ என்று ஓர் ஒலி கேட்டதும் ஆசிரியர் கைப்பிடியைத் திருப்பி அடுத்த படத்தைக் கொண்டுவருவார். பின்னால் காதுக்கு எளிதில் கேட்காத 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஒலிநாடாவிலேயே பதித்தார்கள். அதை உணர்ந்து இயந்திரம் தானாகவே படத்தை மாற்றியது. குரல் முன்னே போகும், படம் அதைப் பின்தொடரும் என்பதுதான் அதன் விதி. இன்றைக்கு எழுதப்படும் நிரலும் இந்த விதியில்தான் நிற்கிறது. ஒவ்வொரு வில்லைக்கும் உரிய குரல் எத்தனை விநாடி என்று அளந்து, அதோடு அரை விநாடி சேர்த்து, அத்தனை நேரம் அந்தப் படத்தை நிறுத்திவைக்கிறது.

2007 முதல் பவர்பாயிண்ட் கோப்பு என்பது உண்மையில் பல சிறு கோப்புகளை உள்ளே கட்டிவைத்த ஒரு ஸிப் பொதி. பெயரின் கடைசியில் உள்ள விரிவை மாற்றிவிட்டுத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். வில்லைகள் ஒரு கோப்புறையில், படங்கள் ஒரு கோப்புறையில், பேசுபவருக்கான குறிப்புகள் இன்னொரு கோப்புறையில் இருக்கும். இந்தக் குறிப்புப் பகுதி திரையின் அடியில் ஒடுங்கிக் கிடப்பது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். என்னுடைய கருத்தில் முழுப் பாடமும் எழுதப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஊவாத் தேயிலையைப் பற்றிய புவியியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வில்லையில் ஒரு வரைபடம், மேற்கிலிருந்து கிழக்கே போகும் ஓர் அம்புக்குறி, ‘வரண்ட காற்று’ என்ற இரண்டு சொல். அவ்வளவு போதும். குறிப்பில் ஆசிரியர் வகுப்பில் பேசுவதை அப்படியே எழுதுகிறார்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது வரண்டு போகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்று படுவதால் கொழுந்து மெதுவாக வளர்கிறது. ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறுவது அப்போதுதான்.

இப்படிக் குறிப்பில் எழுதிவிட்டால் காணொளி என்பது எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. பிழை ஒன்று தெரிந்தால் குறிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி நிரலை மறுபடி ஓட்டினால் போதும். மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ திட்டம் இந்த வழியைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் இரண்டு பத்தியாக எழுத்துவடிவம் தயாராகிறது. ஒரு பத்தியில் திரையில் தெரிவது, மறுபத்தியில் பேசப்படுவது. அந்த எழுத்து இருப்பதால்தான் படத்தைத் தொடாமல் குரலை மட்டும் மாற்றி, ஒரே பாடத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் தர அவர்களால் முடிகிறது.

இனி நிரலின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். லிப்ரே ஆபிஸ் மென்பொருளைத் திரை திறக்காமலே இயக்கி வில்லைகளை முதலில் பி.டி.எஃப். ஆக்கி, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படமாக எடுக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வரும் அசைவுகள் இதில் மறைந்து, எல்லாம் ஒரே படத்தில் நின்றுவிடும். படிப்படியாகக் காட்ட வேண்டியதை முதலிலேயே தனித்தனி வில்லைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு கண்ணி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் ‘க’, அடுத்து அந்த உயிர்க்குறி. ஆனால் வரையும்போது குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த ஒழுங்கைத் தெரியாத கருவிகள் கொம்பைக் கழற்றித் தனியே வைத்துவிடும். காணொளி ஒட்டுவதற்கு உலகமெங்கும் பயன்படும் எஃப்எஃப்எம்பெக் கருவி, படத்தின்மேல் எழுத்துப் பொறிக்கும் தன் பகுதியில் 2023இல் வந்த 6.1 பதிப்பில்தான் இதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டது. லிப்ரே ஆபிஸில் அது ஏற்கனவே இருக்கிறது. எனவே தமிழ் எழுத்தெல்லாம் வில்லையிலேயே இருக்கட்டும், ஒட்டும் கருவியிடம் எழுத்து வேலை கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஆசிரியர்களின் பென்டிரைவ்களில் கிடக்கும் பழைய படவில்லைகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வில்லை முழுவதும் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். குரல் தரும் நிரலுக்குக் கொடுத்தால் அந்தக் குவியலையே எழுத்தெழுத்தாக வாசிக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் பாமினியை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வில்லையில் ஆங்கிலமும் பாமினியும் கலந்திருந்தால் எது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகத் திரிந்துவிடும். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் பத்து, பதினைந்து வருடமாகச் சேர்ந்த உழைப்பு அந்தக் கோப்புகளில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதை நினைத்தால் செய்யாமல் விட மனம் வராது.

குரலுக்கு வருவோம். எழுத்தைப் பேச்சாக்கும் இயந்திரக் குரல்கள் இப்போது தமிழிலும் நன்றாக வந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தமிழுக்கு நான்கு நாட்டுக் குரல்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். மலேசியாவுக்குக் கனி, சூர்யா. சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. இலங்கைக்குச் சரண்யா, குமார். இவை வேலை செய்ய இணையம் வேண்டும். இணையமே இல்லாமல் ஓடும் ஈஸ்பீக் என்ற சிறிய நிரலும் தமிழ் வாசிக்கும். அதன் குரல் கரகரப்பானது, பத்து நிமிடம் கேட்பது கடினம்.

இயந்திரக் குரலுக்கு எழுதும்போது சில பழக்கங்கள் வேண்டும். ‘கி.மீ.’, ‘க.பொ.த.’ போன்ற சுருக்கங்களை விரித்து எழுத வேண்டும். பின்னங்களையும் வெப்பநிலையையும் சொல்லாகவே எழுத வேண்டும். நீண்ட வசனத்தை உடைக்க வேண்டும், ஏனெனில் நிறுத்தற்குறிதான் அந்தக் குரலுக்கு மூச்சு. ஹாலிஎல, மீகஹகிவுல போன்ற ஊர்ப்பெயர்களை ஒரு தடவை கேட்டுப் பார்த்து, தவறினால் ஒலிக்கு ஏற்றபடி எழுத்தை மாற்ற வேண்டும்.

இருந்தாலும், முடிந்த இடத்திலெல்லாம் ஆசிரியரின் சொந்தக் குரலே பாடத்தில் ஒலிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் டீச்சரின் குரல் தெரியும். எந்த இடத்தில் அவர் குரலை உயர்த்தினால் அது முக்கியம் என்பதும் தெரியும். நிரலை இதற்கேற்ப அமைப்பது எளிது. ஆசிரியர் கைத்தொலைபேசியில் வில்லைக்கு ஒன்றாகப் பேசிப் பதிந்து, 1, 2, 3 என்று பெயரிட்டு வைக்கட்டும். அந்த எண்ணுக்குப் பதிவு இருந்தால் நிரல் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் குறிப்பை இயந்திரக் குரலில் வாசிக்கும். ஒரே இருப்பில் எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மழை விட்ட பத்து நிமிடத்தில் நான்கு வில்லை, மறுநாள் காலையில் இன்னும் ஐந்து. பதிவுகளின் சத்தம் கூடிக் குறைந்து இருந்தால் எஃப்எஃப்எம்பெக் அதைச் சமன் செய்துவிடும்.

ஒட்டும் வேலை சுருக்கமானது. படமும் குரலும் சேர்ந்து வில்லைக்கு ஒரு துண்டு, பிறகு எல்லாத் துண்டும் ஒரே கோப்பு. துண்டுகள் அனைத்துக்கும் ஒலியின் மாதிரி வீதமும் படத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் போகப்போகக் குரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று விலகிவிடும்.

கோப்பின் அளவுதான் மலைநாட்டில் முக்கியம். 1280க்கு 720 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 2.76 எம்.பி. விநாடிக்கு 25 சட்டகம் என்றால் பத்து நிமிடப் பாடம் 41 ஜி.பி.யைத் தொடும். 2003இல் தரநிலையாக வந்த எச்.264 என்ற சுருக்குமுறை இதை வேறுவிதமாகக் கையாளுகிறது. முழுப் படத்தை எப்போதாவது ஒரு தடவை எழுதுகிறது; மற்றச் சட்டகங்களில் முன்னதிலிருந்து மாறியதை மட்டும் எழுதுகிறது. நூறு பேரின் பெயரையும் திரும்ப எழுதாமல் வராதவரின் பெயரை மட்டும் கங்காணி குறித்துக்கொள்வது போல. படவில்லையில் அரை நிமிடத்துக்கு எதுவுமே மாறுவதில்லை, ஆகவே எழுத வேண்டியதும் ஏறக்குறைய இல்லை. விநாடிக்கு 25 சட்டகத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டால் முழுப் படம் எழுதும் தடவைகளும் குறைகின்றன. குரலுக்கு 48 கிலோபிட் போதும், பத்து நிமிடத்துக்கு 3.6 எம்.பி. எழுத்தும் கோட்டுப்படமும் உள்ள பாடமானால் மொத்தத்தையும் பத்து எம்.பி.க்குள் அடக்கலாம். பின்னணியில் ஓடும் மேகம், சுழலும் தலைப்பு என்று அலங்காரம் சேர்த்தால் அந்த அளவு பல மடங்காகும். அலங்காரத்தின் விலையை டேட்டா கார்ட் போடுகிற பெற்றோர்தான் கொடுக்கிறார்கள்.

குறிப்பில் பாடம் இருப்பதால் கேளாமலே ஒரு பயன் கிடைக்கிறது. ஒவ்வொரு வரியும் எந்த விநாடியில் பேசப்படுகிறது என்பது நிரலுக்குத் தெரியும் என்பதால் அடிவரிகளையும் அதுவே எழுதித்தரும். காது கேளாத பிள்ளைக்கு அது பாடமேதான். ஆறு பேர் இருக்கும் ஒரே காம்பராவில் இரவில் சத்தமில்லாமல் படிக்கிற பிள்ளைக்கும் உதவும்.

ஆவணத்தைக் கொடுத்தால் வில்லைகளையும் பேச்சையும் தானே உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. கூகிளின் நோட்புக்எல்எம் 2025 முதல் இதைச் செய்கிறது. ஆனால் அங்கே என்ன சொல்வது என்பதையும் இயந்திரமே முடிவு செய்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்ற தீர்மானம் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். இயந்திரத்திடம் விடத் தகுந்தது ஒட்டுவதும் அளப்பதும் சுருக்குவதுமான வேலை.

பசறைக் கல்வி வலயம் போன்ற ஒரு வலயத்துக்கு இதற்கு ஒரு கணினி போதும். வலயக் கணினி வள நிலையத்தில் அதை வைத்து, ஆசிரியர்கள் கோப்பைப் போட ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டால் இரவில் நிரல் ஓடும், காலையில் காணொளிகள் தயாராக இருக்கும். இரண்டு நினைவட்டைகள் பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் மாறி மாறிப் போய்வரலாம். தொடங்குவதற்கு இரண்டு காரியம்தான்: பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஓரிரு நாள் பட்டறை ஒன்று, குறிப்புப் பகுதியில் எழுதும் பழக்கம் ஒன்று. முதல் பாடமாக, தமிழ் மொழி மூலம் ஆசிரியர் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் கணித, விஞ்ஞானப் பாடவேளைகளை எடுத்துக்கொள்ளலாம்.