வால்நுனியில் ஏன் அந்தக் கொம்பு?

கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கியை வானிலிருந்து எப்படிப் பிடிப்பது? அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலுள்ள கடற்படையின் 312-ஆம் விமானப் பிரிவுக்கு இதுதான் பிழைப்பு. 1988 முதல் 2017 வரை சோவியத் தயாரிப்பான டியு-142: நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி. இரைச்சலுக்குக் கேட்கவா வேண்டும்! இப்போது போயிங் பி-8ஐ.

ரேடார் அலை கடல்நீருக்குள் இறங்காது, ஒலி இறங்கும். அதனால் மிதவைகளைக் கடலில் போடுகிறார்கள். மிதவை மேலே நிற்க, கம்பியில் தொங்கும் ஒலிவாங்கி ஆழத்தில் உற்றுக்கேட்கும். கேட்டது வானொலி வழியே விமானத்துக்கு வரும். பல மிதவைகளின் செய்தியைச் சேர்த்தால் இடம் பிடிபடும்.

வாலில் நீளும் கொம்புக்குள் காந்தமானி. நீர்மூழ்கியின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும்; காந்தமானி அதை உணரும். விமானத்தின் சொந்த எஞ்சினும் மின்கம்பிகளும் குறுக்கிடாமலிருக்கத்தான் அது கடைக்கோடியில்.

உச்சிப்புளியில் கடற்படையின் இன்னொரு விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. அதன் ஆளில்லா விமானங்கள் கடல்பரப்பை நோட்டமிடுகின்றன. அருகிலுள்ள பாக் நீரிணையில் ஆழம் குறைவு. நீர்மூழ்கிக்கு அங்கே வேலையில்லை.