கணினி தொடங்க மறுத்தால்: கடைசி வரி சொல்லாத காரணம்

கணினியை முடுக்கியதும் திரையில் வெள்ளை எழுத்துகள் வேகமாக ஓடுகின்றன. வன்தட்டுக் கட்டுப்படுத்தி கண்டறியப்பட்டதாக ஒரு வரி தோன்றுகிறது. அத்துடன் எல்லாம் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் இவ்வாறு உறைந்துபோவது, நிரலாளர்கள் அஞ்சும் கோளாறுகளில் ஒன்று. கோளாறு பற்றிய குறிப்புகள் வழக்கமாக வன்தட்டில்தான் பதிவாகும். இங்கோ அந்த வன்தட்டே இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. எனவே, சீரியல் கம்பி வழியாக இன்னொரு கணினியை இணைத்து, கெர்னல் இறுதியாகச் சொன்னவற்றை அதில் சேகரிக்கும் பழைய உத்தி இன்றும் கையாளப்படுகிறது.

கெர்னல், கட்டுப்படுத்திக்கு ஒரு கட்டளையை இட்டுவிட்டு, பணி முடிந்ததை அறிவிக்கும் குறுக்கீட்டுச் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும். தாய்ப்பலகையின் பயாஸ் மென்பொருள் தவறான விவரத்தைத் தந்திருந்தால், அந்தச் சமிக்ஞை வேறு தடத்தில் போய்விடும். கட்டுப்படுத்தி தன் வேலையை முடித்திருந்தாலும் கெர்னலுக்கு அது தெரியாது. கால வரம்பு இல்லாமல் எழுதப்பட்ட நிரலானால், அந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை.

ஆனால், திரையில் கடைசியாகத் தெரியும் வரியே குற்றவாளி என்று முடிவுகட்டுவது தவறு. பெரும்பாலும் அது, கடைசியாக ஒழுங்காக நடந்த வேலையைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு தொடக்கப் பணியையும் அழைப்பதற்கு முன்பே அதன் பெயரை அச்சிடச் செய்யும் வசதி லினக்ஸில் இருப்பது இதற்காகத்தான்.

வேகம் தந்த தொல்லை

2019 செப்டம்பரில் லினக்ஸ் 5.3 பதிப்பு வெளியாகவிருந்த வேளையில் எழுந்த சிக்கல் இதற்கு நல்ல உதாரணம். புதிய கெர்னலை நிறுவிய ஒரு மடிக்கணினி, பயனர் நுழைவுத் திரைக்கு முன்பே நின்றுபோனது.

காரணத்தைத் தேட, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் முறை பயன்பட்டது. பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், சுமார் 14 சோதனைகளில் குற்றவாளியை இம்முறையில் பிடித்துவிடலாம். பிடிபட்டதோ ஒரு நல்ல மாற்றம்: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வன்தட்டை நாடும் தடவைகளைக் குறைத்து, தொடக்கத்தை விரைவாக்கிய மாற்றம்.

வன்தட்டு எழுப்பும் குறுக்கீடுகளின் ஒழுங்கற்ற நேர இடைவெளிகளிலிருந்துதான் கெர்னல் தற்செயல் எண்களுக்கான மூலப்பொருளைத் திரட்டி வந்தது. வன்தட்டு வேலை குறைந்ததால் குறுக்கீடுகளும் குறைந்தன, மூலப்பொருள் போதவில்லை. தொடக்கத்திலேயே தற்செயல் எண் கேட்ட மென்பொருள், அது கிடைக்கும்வரை காத்திருந்தது. பயனர் எதையும் தட்டச்சு செய்யாததால் புதிய குறுக்கீடுகளும் வரவில்லை. கெர்னல் உயிரோடுதான் இருந்தது; வன்தட்டிலும் பழுதில்லை.

காத்திருக்காமல் கிடைத்த எண்ணைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஆபத்து உண்டு. போதிய தற்செயல் தன்மையின்றி உருவாக்கப்பட்ட மறைகுறியீட்டுச் சாவிகளை, இணையத்தில் இயங்கும் பல சாதனங்கள் பயன்படுத்துவதை 2012இல் வெளியான ஆய்வு ஒன்று அம்பலப்படுத்தியிருந்தது. அவற்றில் சிலவற்றின் இரகசியச் சாவிகளை ஆய்வாளர்களால் கணித்துவிட முடிந்தது.

பாதுகாப்பா, இயங்கிவந்த கணினி தொடர்ந்து இயங்குவதா என்ற வாதம் மூண்டது. பயனரின் கணினியை முடக்கும் மாற்றம் எதுவாயினும் அது கெர்னலின் பிழையே என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் நீண்டகால நிலைப்பாடு. செப்டம்பர் 15ஆம் தேதி 5.3 பதிப்பை வெளியிடுவதற்குச் சற்று முன்னர், குறையற்ற அந்த மாற்றத்தை அவர் திரும்பப் பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 5.4 பதிப்பில், மூலப்பொருள் போதாதபோது செயலியின் நேர அளவில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களிலிருந்து கெர்னல் தானாகவே அதைத் திரட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட கோப்பு முறைமை மாற்றமும் அந்தப் பதிப்பிலேயே மீண்டும் இடம்பெற்றது.