பொண்டாட்டி மலைக்கு, புருஷன் வீட்டில்: 70 வருடம் கழித்தும் 'தி செவன் இயர் இட்ச்' ஏன் சிரிக்க வைக்கிறது?

ஏப்ரல் பிறந்தாலே சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஸ்கூல் லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு கிளம்புகிற குடும்பங்கள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால், சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே வேறு. ஆபீஸில் லீவு கிடைக்காத கணவர் மட்டும் கீழே, காலி வீட்டில்.

அந்தக் காலி வீட்டை வைத்து பில்லி வைல்டர் 1955-ல் எடுத்த காமெடிதான் 'தி செவன் இயர் இட்ச்'. ஏற்காட்டுக்குப் பதில் மெய்ன் மாநிலம், சேலத்துக்குப் பதில் நியூயார்க். மனைவியையும் மகனையும் ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பும் ரிச்சர்டு (டாம் ஈவல்), சிகரெட் கூடாது, குடி கூடாது என்று சபதம் எடுக்கிறார். மாடி வீட்டுக்கு மர்லின் மன்றோ குடிவருகிறார். சபதம் என்ன ஆகும்? அதேதான்.

இதில் ஒரு குறும்பு உண்டு. அந்தப் பெண் இவர் வீட்டுக்கு வருவது இவருக்காக அல்ல, ஏசிக்காக! மாடியில் ஏசி இல்லை. மனுஷன் இது தன் அழகுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்கிறார்.

ஜார்ஜ் ஆக்ஸல்ராட் எழுதிய மூல நாடகத்தில் கணவர் நிஜமாகவே எல்லை தாண்டுவார். கள்ள உறவை வைத்து காமெடி பண்ண அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி விடவில்லை. அதனால் படத்தில் பெரும்பாலும் கற்பனைதான். வைல்டருக்கு இதில் கடைசிவரை வருத்தம். ஆனால் படத்தைக் காப்பாற்றியதே அந்தத் தடைதான் என்று தோன்றுகிறது. தப்பு செய்கிறவரைவிட, செய்யாத தப்புக்கு வியர்த்துக் கொட்டுகிறவர்தான் அதிகம் சிரிக்க வைக்கிறார். போதாக்குறைக்கு, மனைவி அங்கே வேறொருவரோடு வைக்கோல் வண்டியில் போவதாகவும் கற்பனை செய்து இவரே கொதிக்கிறார்.

திரைக்கு வெளியே கதை வேறு. ரயில் சுரங்கக் காற்றில் வெள்ளை கவுன் பறக்கும் காட்சியை 1954 செப்டம்பரில் நியூயார்க் தெருவில் எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், விசில். மன்றோவின் கணவர், பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ, பார்த்துக் கொதித்துப் போனார். அடுத்த மாதமே விவாகரத்து. கல்யாணமாகி ஒன்பது மாதம்தான்! கூட்டத்தின் இரைச்சலால் காட்சியை ஸ்டுடியோவில் மறுபடி எடுத்தார்கள். அந்த கவுன் 2011-ல் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

நம்ம ஊரில் 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் மனைவி ஊருக்குப் போன குஷியில் ஜனகராஜ் துள்ளுவதை இன்றும் மீம் போடுகிறோம். அங்கேயும் மனைவிக்கு வேலை, ஊருக்குப் போவது மட்டும்தான். பாலு மகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) கேமராவைத் திருப்பியது. வீட்டில் விடப்பட்ட மனைவியாக வந்த கல்பனாதான் அதில் கதையையே நகர்த்துவார்.

ஏற்காட்டில் பனி இறங்கிய ராத்திரி, ஹோம்ஸ்டே வை-ஃபையில் ஜோடியாகப் பார்க்க ஏற்ற படம் இது. ஓடும் நேரம் 105 நிமிடம். மகன் மறந்துவிட்டுப் போன துடுப்பைத் தூக்கிக்கொண்டு, ஷூகூட போடாமல், மனைவியைத் தேடி ரிச்சர்டு ஓடுகிற கடைசிக் காட்சிவரை எழுந்திருக்காதீர்கள்.